பச்சை டிக்குக்கு மூன்று வாரம், தோல்விக்கு ஒரு வரி: ஆப் செய்யும் என் மாணவர்களுக்கு

பதிவு நீளமானது. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த வாக்குவாதம் பலருக்கும் தெரியும். ஆப் வடிவமைக்கும் வேலையில் இருக்கும் நம் தம்பி ஒருவன், தான் செய்ததை வீடியோவாகப் போட்டிருந்தான். பணம் கட்டி முடித்ததும் பச்சை வட்டம் விரிகிறது, உள்ளே டிக் விழுகிறது, சுற்றிலும் வண்ணக் காகிதத் துண்டுகள் பறக்கின்றன. அழகாகத்தான் இருந்தது. மூன்று வார உழைப்பாம். "பணம் போகவில்லை என்றால் என்ன வரும் கண்ணு?" என்று கேட்டேன். "அதுக்கு வழக்கமான எர்ரர் மெசேஜ்தான் டீச்சர்" என்றான். அதற்கு நான் எழுதிய பதில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "டீச்சருக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் புரியாது" என்று ஒருவர் எழுதிவிட்டு உடனே நீக்கினார். நீக்குவதற்குள் படித்துவிட்டேன், பரவாயில்லை. குழுவில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

உறவினர்களில் பலருக்கு இது எதைப் பற்றிய சண்டை என்றே புரியாது. ஃபோனில் விரல் வைத்ததும் பொத்தான் லேசாக அமுங்குவது போலத் தெரிகிறதே, அது. காத்திருக்கும்போது சுற்றுகிற சக்கரம். கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால் உதறுகிற பெட்டி. 'டிங்' என்கிற சத்தம், உள்ளங்கையில் வருகிற சின்ன அதிர்வு. இவை எதுவும் தானாக வருவதில்லை. எத்தனை மில்லி விநாடி ஓட வேண்டும், வேகமாகத் தொடங்கி மெதுவாக நிற்க வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். டான் சாஃபர் என்பவர் 2013ல் இதற்காகவே 'மைக்ரோஇன்டராக்ஷன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை இது. நம் ஊர்ப் பிள்ளைகளும் செய்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

இந்த வேலையை அவர்கள் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை. அந்தச் சின்ன அசைவு ஒரு பதில். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டதும் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லுமே, அந்த மாதிரிப் பதில். பதில் உண்மையாக இருக்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், கேட்டவருக்குப் புரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பிறகு அதற்குப் பூ வையுங்கள், பொட்டு வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

டெக்னாலஜி தெரியாது என்றார்களே, பின்னூட்டம் தெரியும். 34 வருடம் அதைத்தான் செய்தேன். கையைத் தூக்குகிற பிள்ளைக்கு உடனே பதில் சொல்ல முடியாது, வேறொரு பிள்ளையின் நோட்டில் கண் இருக்கும். ஆனால் பார்த்துவிட்டேன் என்று ஒரு தலையசைப்பு உடனே கொடுத்தாக வேண்டும். அது வராவிட்டால் "டீச்சர், டீச்சர்" என்று பத்துத் தடவை கூப்பிடும். அப்புறம் எழுந்து வந்து சேலையைப் பிடித்து இழுக்கும். ஒன்றாம் வகுப்பு எடுத்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர்காரர்களும் இதே கணக்கை வைத்திருக்கிறார்கள். ராபர்ட் மில்லர் 1968ல் சொன்னதை ஒட்டி, ஜேக்கப் நீல்சன் 1993ல் தன் புத்தகத்தில் எழுதினார்: விரல் பட்டு 0.1 விநாடிக்குள் ஏதாவது மாறினால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெரு மளிகைக் கடை. பக்கத்து வீட்டு அக்கா சாமான் வாங்கிவிட்டு 640 ரூபாயை ஃபோனில் கட்டினார். எந்த ஆப் என்று பெயர் வேண்டாம். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரருக்குச் சத்தம் வரவில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அக்கா பின்னால் போகிற அம்புக்குறியை அழுத்திவிட்டு மறுபடி கட்டினார். இந்தத் தடவை பச்சை டிக், சத்தம், எல்லாம் ஜோராக வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்தி, 640 இரண்டு தடவை போயிருக்கிறது. முதியோர் உதவித்தொகையில் வீட்டுச் செலவு பார்க்கிற அம்மாள் அவர். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவர் மகன் வெளியூரிலிருந்து ஃபோனில் "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பொறுமையா இருன்னு" என்று திட்டினான்.

அந்தத் திட்டு அக்காவுக்கு உரியதா? சக்கரம் அவரிடம் என்ன சொன்னது? 'இரு' என்றது. எவ்வளவு நேரம், எதற்காக, பணம் கைவிட்டுப் போய்விட்டதா இல்லையா, எதையும் சொல்லவில்லை. இத்தனைக்கும் இதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐயில் ஒருவருக்குப் பணம் அனுப்பி, நம் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளுக்குள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. உறவினர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திரையில் நாலு வரி போதும். 'உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்கலாம். கடைக்கு இன்னும் சேரவில்லை. மறுபடி கட்டுவதற்கு முன் வங்கிக் கணக்கைப் பாருங்கள். சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பும்.' இதை எழுத மூன்று வாரம் ஆகாது, ஒரு மத்தியானம் போதும். ஆனால் இதை வீடியோவாகப் போட்டால் யாரும் கை தட்ட மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

'நெட்வொர்க் மெதுவா இருந்தா நாங்க என்ன செய்ய முடியும்?' என்று கேட்பீர்கள். நெட்வொர்க்கைச் சரிசெய்யச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொல்லச் சொல்கிறேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை இருந்தால் மக்கள் அதையே விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் 1985லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார். நீங்கள் அந்தப் பட்டையையும் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். விறுவிறுவென்று 90 வரை ஓடிப்போய் அங்கேயே நிற்கிற பட்டை யாரை ஏமாற்ற? வேலை முடிந்த பிறகும், ஏதோ பெரிதாகச் சரிபார்ப்பது போலக் காட்டுவதற்காக வேண்டுமென்றே சக்கரத்தைச் சுற்றவிடுகிற ஆப்களும் உண்டாம். படித்தபோது எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் சுவரில் சார்ட் மாட்டுகிற பள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன.

தோல்வியை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை எழும்பும். அதில் சின்ன எழுத்தில் ஆங்கிலம், 'சம்திங் வென்ட் ராங்'. எது ராங்? யார் ராங்? ஆண்ட்ராய்டில் இந்த மாதிரிப் பட்டைக்கு 'டோஸ்ட்' என்று பெயர். அதற்கு இருப்பது இரண்டே கால அளவு: குறுகியது 2 விநாடி, நீண்டது 3.5 விநாடி. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும். வெற்றிச் செய்தி மட்டும் திரை முழுக்க, பச்சையில், சத்தத்தோடு, நான் மூடுகிறவரை நிற்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையின் நோட்டில் பக்கம் முழுக்க நட்சத்திரம் வரைந்துவிட்டு, தோற்ற பிள்ளையின் நோட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதையும் மூன்று விநாடியில் அழிக்கிற வாத்தியாரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? தோற்ற பிள்ளைக்குத்தானே எழுத வேண்டும், எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்று?

கடவுச்சொல் தப்பானால் பெட்டி இடவலமாக உதறுவதும் இதே ரகம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் அது வெகுகாலமாக இருக்கிறது, மனிதர் 'இல்லை' என்று தலையாட்டுவது போலவாம். (நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் பாதி நேரம் 'சரி' என்று அர்த்தம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.) உதறட்டும். உதறிவிட்டு, 'பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கிறது' என்றோ 'இன்னும் இரண்டு தடவைதான் முயலலாம்' என்றோ சொல்லுங்கள். சொன்னால் அது பின்னூட்டம், சொல்லாவிட்டால் அது வெறும் அதட்டல்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். கடைகளில் இருக்கிறதே, பணம் வந்ததும் 'இத்தனை ரூபாய் வந்தது' என்று வாய்விட்டுச் சொல்கிற ஒலிப்பெட்டி, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு. பச்சை டிக் வாடிக்கையாளரின் ஃபோனில் வருகிறது. கடைக்காரருக்கு அது சாட்சியே இல்லை. அதே டிக்கை, அதே அசைவை, அதே சத்தத்தை அப்படியே காட்டுகிற போலி ஆப்களை வைத்துக் கடைக்காரர்களை ஏமாற்றிய செய்திகள் எத்தனையோ வந்துவிட்டன. நீங்கள் மெருகேற்றிய அசைவை நகல் எடுப்பது அவ்வளவு சுலபம். பெட்டி அப்படியில்லை. பணம் கடைக்காரர் கணக்குக்கு வந்தால்தான் பேசும். ஈரக்கையோடு பூ கட்டுகிற அம்மாவும், வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்க முடியாத டீக்கடை அண்ணனும் ஃபோனைப் பார்க்கவே வேண்டாம். தமிழில் சொல்கிறது. உண்மை, நேரம், புரிதல் மூன்றும் இருக்கின்றன. அதில் ஒரு அனிமேஷனும் இல்லை.

வாட்ஸ்அப் டிக்கும் அப்படித்தான். ஒரு டிக் என்றால் போய்விட்டது, இரண்டு என்றால் அவர் ஃபோனுக்குச் சேர்ந்துவிட்டது. 2014 நவம்பரில் நீலம் வந்தது, படித்துவிட்டார் என்பதற்கு. குடும்பங்களில் அதனால் வந்த சண்டைகள் வேறு கதை. ஆனால் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்குச் சொல்கிறது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை போல. அது துள்ளாது, மின்னாது. கோடிக்கணக்கான பேருக்குப் புரிகிறது.

இப்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற இடம், குழந்தைகளின் ஆப்.

என் பேத்திக்கு ஆறு வயது. கூட்டல் கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால் எனக்கு 'ஏழு' என்று பட்டென்று சொல்கிறாள். ஆப்பில் மட்டும் மறுபடி மறுபடி ஒன்பதை அழுத்துகிறாள். ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விடை சரியானால் ஒரு நட்சத்திரம் வரும். தப்பானால் குரங்கு கிளையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் 'தொபுக்'கென்று விழும். குரங்கு விழுவதைப் பார்க்கத்தான் அவள் தப்பாகப் போடுகிறாள். அவளுக்குக் கணக்கு தெரியும். அதை வடிவமைத்தவருக்குத்தான் குழந்தையைத் தெரியவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் தாளில் முதலில் படித்தது தார்ண்டைக்கின் விளைவு விதி. கூண்டில் அடைத்த பூனை, தாழ்ப்பாளைத் திறக்க எது உதவியதோ அதைத் திரும்பச் செய்கிறது. எந்தச் செயலுக்கு இன்பமான விளைவு கிடைக்கிறதோ அந்தச் செயல் வலுப்படும். தப்பான விடைக்கு அதிக இன்பம் வைத்தால் தப்புதான் வலுப்படும். மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய எங்களுக்கே இது தெரியும்.

சரியான விடைக்கு இன்னும் பெரிய பட்டாசு வெடித்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையச் சொன்னார்கள், கொடுத்தார்கள். பிறகு இஷ்டம்போல விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் நாணயம் கொட்டுகிற ஆப்பைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். நாணயம் நின்றதும் கணக்கும் நின்றுவிடும்.

பெரியவர்களுக்கும் இதே வித்தைதான். ஸ்கின்னரின் புறாக்கள் ஞாபகம் இருக்கிறதா? என்னோடு பயிற்சியில் இருந்த தோழிகளுக்கு இருக்கும். கொத்தும்போதெல்லாம் தானியம் வந்தால் புறா வேண்டியபோதுதான் கொத்தும். எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வந்தால் ஓயாமல் கொத்தும். பணம் அனுப்பினால் சுரண்டுகிற அட்டை ஒன்று வருகிறதே, சுரண்டினால் ஒரு நாள் 5 ரூபாய், பத்து நாள் 'அடுத்த முறை முயலுங்கள்', அது புறாவுக்குப் போட்ட தானியம்தான். திரையைக் கீழே இழுத்தால் புதுச் செய்தி வருகிற அசைவை லோரன் பிரிக்டர் என்பவர் ட்வீட்டி என்ற ஆப்புக்காக உருவாக்கினார். அது அடிமைப்படுத்தும் தன்மை கொண்டது என்று பின்னாளில் அவரே பேட்டியில் சொன்னார். அமெரிக்காவில் ராபின்ஹுட் என்ற பங்குச்சந்தை ஆப், பங்கு வாங்கினால் வண்ணக் காகிதம் பறக்கவிட்டது. 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள், முதலீட்டை விளையாட்டாக்குகிறீர்கள் என்று புகார் பதிந்தார்கள். 2021ல் காகிதம் பறப்பது நின்றது. நம் தம்பி வீடியோவைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். பால்காரருக்குப் பணம் கட்டுவது திருவிழா இல்லை. கட்டியது சேர்ந்ததா என்று தெரிந்தால் போதும். பணம் கையைவிட்டுப் போகிறபோது கொஞ்சம் உறுத்த வேண்டும், கொண்டாட்டம் வைத்து அந்த உறுத்தலை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள்.

"அசைவே இல்லேன்னா ஆப் செத்த மாதிரி இருக்கும் டீச்சர், போட்டியாளர் ஆப்புக்குப் போயிடுவாங்க" என்று குழுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள். நியாயமான பேச்சு, ஒதுக்கவில்லை. அசைவுக்கு வேலை இருக்கிறது. ஒரு கடிதத்தை நீக்கினால் அது சட்டென்று மறையாமல் குப்பைத்தொட்டிப் பக்கம் வழுக்கிப் போனால், எங்கே போனது, எங்கே தேடலாம் என்று தெரிகிறது. அது பாடம் நடத்துகிற அசைவு. கரும்பலகையில் முழுப் படத்தையும் முன்கூட்டியே வரைந்து வைப்பதைவிட, பிள்ளைகள் கண்முன்னே கோடு கோடாக வரைந்தால் நன்றாகப் புரியும் என்பது போல. என் கேள்வி ஒன்றுதான். அந்த அசைவை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு ஏதாவது ஒரு விஷயம் தெரியாமல் போகுமா? போகும் என்றால் வைத்துக்கொள். போகாது என்றால் அது உன் திறமையைக் காட்டத்தான் இருக்கிறது.

அசைவு எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதும் இல்லை. 2013 செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது, திரை பெரிதாகிச் சிறிதாகும் அசைவுகளால் தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்று ஏராளமானோர் புகார் சொன்னார்கள். சில வாரங்களில் ஆப்பிள் அதைக் குறைக்கும் வசதியை விரிவாக்க வேண்டி வந்தது. தலைசுற்றல் உள்ள சித்தி, பெரியப்பாமார் கவனிக்கவும்: ஐஃபோனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை, அதற்குள் இயக்கம் என்று போனால் அசைவைக் குறைக்கலாம். ஆண்ட்ராய்டிலும் அணுகல்தன்மைப் பகுதியில் அனிமேஷன்களை அகற்றும் பொத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் போட்டுத் தருவார்கள். ஆப் செய்கிற பிள்ளைகளே, அந்தப் பொத்தானைப் போட்ட ஃபோனில் உங்கள் ஆப் எப்படி ஓடுகிறது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறீர்களா? அசைவோடு சேர்ந்து செய்தியும் காணாமல் போகிறதா, பாருங்கள்.

வேலையை விடச் சொல்லவில்லை. அடுத்த தடவை திட்டமிடும்போது முதலில் தோல்வித் திரையை வரையுங்கள். பணம் நடுவில் நிற்கிற திரையை இரண்டாவதாக வரையுங்கள். வெற்றித் திரையைக் கடைசி நாள் மத்தியானம் வரைந்தால் போதும், எல்லாம் நன்றாக நடந்துவிட்ட மனிதருக்கு உங்கள் உதவி அவ்வளவு தேவையில்லை. செய்தியைத் தமிழில் எழுதுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டாமல், உங்கள் அம்மாவிடம் வாயால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. படித்து முடிக்கும்வரை அது திரையில் நிற்கட்டும்.

சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். எங்கள் தெருவில் ஓய்வூதியர்கள் நாலு பேர், பூக்காரம்மா ஒருவர், மளிகைக் கடைக்காரர், 640 ரூபாய் அக்கா, ஆறு வயதில் ஒரு பேத்தி, அத்தனை பேரும் தயார். சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். நெட்வொர்க்கும் எங்கள் தெருவில் சரியாகக் கிடைக்காது, உங்கள் சோதனைக்கு அதுவும் வசதி. காபி நான் போடுகிறேன்.